கூண்டை நகர்த்தினார்கள், நாயை யாரும் பார்க்கவில்லை

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் மாடியின் கடைசி வீட்டு நாய் இப்போது அங்கே இல்லை. நிம்மதிதான். ஆனாலும் நடுவில் ஒரு அலுவலக முகப்பில் நடந்த கூத்தை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே நிலையில் தவிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அது ஒரு ஷிட்சு, நீண்ட முடியுள்ள சின்ன ஜாதி நாய். வாசல் கேட்டுக்கு வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டு. பகலும் இரவும் அதற்குள்ளேதான். முடி சடைபிடித்துப் பாய் மாதிரி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. நகங்கள் வளைந்து பாதத்திலேயே குத்தியதால் கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் பாசி. குரைக்கவே குரைக்காது. குரைத்திருந்தால் தூக்கம் கெட்ட யாராவது முன்பே புகார் கொடுத்திருப்பார்கள்!

முதலில் வீட்டுக்காரரிடம்தான் பேசினேன். நம் தமிழ் ஆள்தான். "அண்ணே, நான் வேணும்னா முடி வெட்டக் கூட்டிட்டுப் போறேன், காசு பத்திக் கவலைப்படாதீங்க" என்றேன். "வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று கேட்டைச் சாத்திவிட்டார்.

அப்புறம்தான் அரை நாள் விடுப்புப் போட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். முகப்பில் இருந்தவரிடம் கைபேசியில் படங்களைக் காட்டினேன். அவர் நாயைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்தார். "இது உங்க வாசலை மறைக்குதா?" இல்லை என்றேன். "நடக்க எவ்வளவு இடம் விட்டிருக்காங்க?" நான் நாயின் நகத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் 'நடைபாதையில் இடையூறு' என்று தட்டிக்கொண்டிருக்கிறார். மாற்றச் சொன்னதற்கு, "இங்க இந்த வகைதான் இருக்கு" என்றார்.

அதன்படியே நடவடிக்கையும் வந்தது. காரிடாரைக் காலி செய்யச் சொல்லி அந்த வீட்டுக்கு அறிவிப்பு. அவரும் கூண்டைத் தூக்கிச் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் வைத்துவிட்டார். இதுவரை போகிற வருகிறவர்கள் கண்ணிலாவது பட்ட நாய், இப்போது அதுவும் இல்லை. எனக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

சிங்கப்பூரில் விலங்கு நலம் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் வரும் ஏவிஎஸ் என்ற விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின் பொறுப்பு. 2019இல் முன்பு இதைக் கவனித்த ஏவிஏ என்ற ஆணையம் கலைக்கப்பட்டதிலிருந்து அப்படித்தான். எண் 1800-476-1600. விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவிடமும் சொல்லலாம், ஆனால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் ஏவிஎஸ் கையில். அடித்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. போதிய உணவு, தண்ணீர், தங்குமிடம் தராமல் விடுவதும், நோயையோ காயத்தையோ கவனிக்காமல் விடுவதும் குற்றம்தான். முதல் தடவைக்கே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அதனால் புகாரில் நாற்றம், சத்தம், இடைஞ்சல் என்று உங்கள் கஷ்டத்தைக் கலக்காதீர்கள். கலந்தால் அது அண்டை வீட்டுச் சண்டையாகிவிடும். நாயின் உடம்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: நகம், தோல், கிண்ணம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெயில். தேதி தெரியும் படங்கள் வேண்டும், அதுவும் நீங்கள் நிற்க உரிமையுள்ள இடத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கேட்டுக்குள் கை நுழைக்க வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு வந்தால் திருட்டு வழக்கு உங்கள் மேல் வரும்.

கூண்டு உள்ளே போன பிறகு எனக்குக் கை கொடுத்தவர் எதிர் புளோக்கு மக்சிக், அதாவது அங்கே குடியிருக்கும் மலாய் அம்மா. அவர் துணி காயப்போடும் கம்பத்துக்கு நேர் எதிரே அந்தச் சமையலறை ஜன்னல். என்றைக்குத் தண்ணீர் வைத்தார்கள், என்றைக்கு வைக்கவில்லை என்று பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் மலாயில் குறித்துக் கொடுத்தார். இந்த முறை ஏவிஎஸ்ஸிடம் புகார் கொடுத்து, அதையும் படம் பிடித்து அப்படியே அனுப்பினேன். நான் எடுத்த படங்களைவிட அந்தத் தாளைப் பற்றித்தான் தொலைபேசியில் அதிகம் விசாரித்தார்கள்.

இதற்கிடையில் என் கொழுந்தன், "வீட்டு நம்பரோட ஃபேஸ்புக்ல போடுங்க அண்ணி, ஒரே நாள்ல வேலை நடக்கும்" என்று குதித்தான். ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தில் அவருடைய விவரங்களை வெளியிடுவது 2020 முதல் இங்கே குற்றம். நாய்க்காகப் போய் நாமே மாட்டிக்கொள்ள வேண்டுமா?

ஏவிஎஸ் அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். மறுபடி வந்து பார்ப்போம் என்றதும் அண்ணனுக்கு நாய் பாரமாகிவிட்டது. கொடுத்துவிடுகிறேன் என்றார். சடையை மழித்தபோது அது ஒரே விரிப்பாகக் கழன்று வந்ததாம், அடியில் எல்லாம் புண். நானே வைத்துக்கொண்டிருப்பேன், ஆனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீட்டில் ஒரு நாய்க்கு மேல் கூடாது. நாய்களை மீட்டு வளர்க்கும் தன்னார்வலர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

புகார் கொடுத்தவர் யார் என்று அதிகாரிகள் சொல்லவில்லை. ஆனால் காரிடாரில் எல்லாருக்கும் தெரியும். லிஃப்டில் என்னைக் கண்டால் அண்ணன் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். "எடுத்துக்கோங்க" என்று வாயால் சொன்னால் போதாது. நாய் வளர்க்கும் உரிமம் பழையவர் பெயரிலேயே இருக்கும். மனம் மாறினால் திரும்பக் கேட்பார். உரிமத்தை இணையத்திலேயே பெயர் மாற்றலாம், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு இருந்தால் போதும். அந்தத் தன்னார்வலர் விவரம் தெரிந்தவர். நாயை வாங்க வந்த அன்றே, வாசலில் நின்றபடி அண்ணன் கையில் கைபேசியைக் கொடுத்து அதை முடித்துவிட்டுத்தான் கூண்டைத் திறந்தார்.