மாலை வகுப்பும் ஆறு மணிப் பேருந்தும்: குடியாத்தத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

11 நவம்பர் 2024, திங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கான சிறப்பு வகுப்பு இனி மாலை 6.30 மணி வரை நடைபெறும், எவருக்கும் விலக்கு இல்லை என்ற சுற்றறிக்கையை இன்று காலை இறைவணக்கக் கூட்டத்தில் வாசித்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் செய்தி சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் எட்டிவிட்டது. கார்த்திகை பிறக்கப் போகும் இந்நாட்களில் 5.45 மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆறு மணிக்கு ஒரு நகரப் பேருந்து, அதை விட்டால் எட்டு மணிக்குத்தான் அடுத்தது. இலவசப் பயண அட்டையை நம்பிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் திரும்பச் சொல்வது, அன்றாடக் கூலியில் ஓடும் வீடுகளுக்குக் கட்டுப்படியாகிற காரியமன்று.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தொலைபேசியில் கொதித்தார். வரும் திங்கட்கிழமை சத்துவாச்சாரிக்குச் சென்று, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்துவிடலாம் என்றார். நான் இசையவில்லை. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாக ஒன்றும் கேட்காமல் ஆட்சியரிடம் போனால், அந்த மனு முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக இறங்கி, அறிக்கை அனுப்புமாறு ஒரு குறிப்புடன் அதே தலைமையாசிரியரின் மேசைக்குத்தான் வந்து சேரும். அதற்குள் அவருக்கும் எங்களுக்கும் முகம் கொடுத்துப் பேசும் நிலை இல்லாமல் போயிருக்கும்.

13 நவம்பர், புதன்

தலைவரும் நானும் கடிதத்துடன் சென்றோம். தலைமையாசிரியர் அதை வாங்கிக்கொண்டு நகலில் கையொப்பமும் இட்டுத் தந்தார். பிறகுதான் பேசத் தொடங்கினார்.

கடந்த பொதுத்தேர்வில் பத்தாம் வகுப்புக்கு மாநில அளவில் தேர்ச்சி 91.55 விழுக்காடு, வேலூர் மாவட்டம் 82.07 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் நின்றது. ஒவ்வொரு மீளாய்வுக் கூட்டத்திலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் தொடங்குகிறார்களாம். "எழுந்து நின்று பதில் சொல்கிறவள் நான். தலைவரோ நீங்களோ இல்லை, சார்" என்றார். மெல்லக் கற்கும் மாணவர்களின் பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் பெரும்பாலோர் பேருந்தில் வரும் பிள்ளைகளே. வீட்டில் படிப்பதற்கு இடமும் அமைதியும் இல்லாதவர்களை ஒரு மணி நேரமாவது கூடுதலாகப் பள்ளியில் இருத்திவைக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யாரையும் கேட்காமல் அறிவித்த முறைதான் உறுத்துகிறது. அதை அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார், மறுமொழி சொல்லவில்லை.

16 நவம்பர், சனி

பெற்றோர் ஒருவர் தலைமையாசிரியரை ஒருமையில் பேசி வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிய குரல் பதிவு, எப்படியோ அவருடைய செவிக்கே போய்விட்டது. இரண்டு நாட்களாக வகுப்பு நேரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே பேச்சாக இருக்கிறது. பள்ளியைப் பற்றிய குழுக்களில் குரல் பதிவையே தடை செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதும்போதாவது விரல் சற்றுத் தயங்கும்.

19 நவம்பர், செவ்வாய்

யார் எந்த ஊருக்கு, எந்தப் பேருந்தில், இறங்கிய பின் எவ்வளவு தூரம் நடந்து செல்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தோம். வகுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆறு மணிப் பேருந்தை நம்பியவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 6.30 மணி ஒரு பொருட்டே அன்று. எல்லாப் பெற்றோரும் எதிர்க்கிறார்கள் என்று தலைவர் சொல்லி வந்தது இதனால் அடிபட்டுப் போயிற்று, அவருக்கு வருத்தம்தான்.

பீடி சுற்றும் வீடுகளில் தாய்மார்கள் சொன்னது வேறு. மாலையில்தான் சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். அந்த நேரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து பெண்ணை அழைத்துச் செல்ல ஆள் கிடையாது. "படிக்க வேணாம்னு சொல்லலைங்க. இருட்டுல ரோட்டோரம் தனியா நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் ஓர் அம்மா. இந்த வாக்கியத்தை அப்படியே பட்டியலின் மேலே எழுதிக்கொண்டேன்.

22 நவம்பர், வெள்ளி

இன்று கழகத்தின் சிறப்புக் கூட்டம். கழகத்தின் செயலாளர் பொறுப்பும் தலைமையாசிரியரிடமே இருப்பதால், அவர்மீதான முறையீட்டை விவாதிக்கும் கூட்டத்துக்கு அவரே அழைப்பு அனுப்ப வேண்டியிருந்தது. விந்தையான ஏற்பாடுதான். ஆனாலும், தம் கையால் எழுதிய கூட்டப் பொருளிலிருந்து அவரும் விலக முடியாது என்பதால் ஒரு விதத்தில் அது நல்லதாகவே முடிந்தது.

தலைவர் தொடக்கத்திலேயே கழக நிதியில் நியமித்த தற்காலிகக் கணித ஆசிரியரின் ஊதியப் பாக்கியை இழுத்தார். அதை எடுத்தால் இரவு வரை முடியாது. இன்றைய பொருள் வகுப்பு நேரம் ஒன்றே என்று நான் குறுக்கிட்டேன். அடுத்து ஓர் இளம் தந்தை எழுந்து, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால், முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றோருக்கே உரியது என்று வாதிட்டார். அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்பு முடியும் வரைக்குமானது என்று தலைமையாசிரியர் நினைவூட்டினார். இருவர் எடுத்துக்காட்டிய சட்ட விவரமும் சரியே. இருவருக்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை. ஆகஸ்டில் மறுகட்டமைப்புச் செய்யப்பட்ட மேலாண்மைக் குழு ஒரு பக்கம், கழகம் ஒரு பக்கம் என்று அதே முகங்கள் இரண்டு பதிவேடுகளில் கையொப்பமிட்டுக்கொண்டிருக்கும்வரை இந்தக் குழப்பம் தீராது.

பேச்சைத் திருப்பியது பட்டியல்தான். எதை, எவர், எப்படிக் கற்பிப்பது என்பதில் நாங்கள் தலையிடுவதில்லை. பிள்ளை எத்தனை மணிக்கு, எவ்வழியாக வீடு திரும்புவது என்பதைப் பெற்றோரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று எல்லைகளைப் பிரித்துச் சொன்னோம். தலைமையாசிரியர் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். பேருந்துப் பிள்ளைகளை 5.30 மணிக்கு விட்டுவிட்டு, குறையும் நேரத்தைக் காலை 8.15-க்கு ஈடு செய்யலாமா என்று அவரே கேட்டார். அங்கே வேறொரு முடிச்சு விழுந்தது: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளை வெறும் வயிற்றோடுதான் வரும். ஆசிரியர்களில் சிலர் காட்பாடியிலிருந்து வருகிறவர்கள் என்பதையும் மறந்துவிட முடியாது. காலைச் சுண்டலுக்குக் கழகம் பணம் தருவது, இரண்டு ஆசிரியர்கள் முறை வைத்து முன்னதாக வருவது, பேருந்தை நிறுத்தத்தில் சற்றுத் தாமதித்து எடுக்கும்படி பணிமனை மேலாளருக்குக் கூட்டாகக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. அரையாண்டுத் தேர்வு வரை சோதனை, பிறகு மறுபரிசீலனை. கலைவதற்கு முன்பே பதிவேட்டில் எழுதி, உரக்க வாசித்துக் கையொப்பம் வாங்கினோம். வீட்டுக்குப் போய் எழுதும் தீர்மானம் எப்போதும் எழுதியவர் பக்கமே சாயும்.

3 டிசம்பர், செவ்வாய்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் பெய்த மழையில் எல்லாம் குலைந்து கிடக்கிறது. பணிமனையிலிருந்து பதில் இல்லை.

6 டிசம்பர், வெள்ளி

குரல் பதிவு அனுப்பியவர் தலைவருடன் சென்று தலைமையாசிரியரைப் பார்த்திருக்கிறார். வாட்ஸ்ஆப் குழுவிலும் மன்னிப்பு எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்க, குரல் பதிவுக்காரர் மறுத்துவிட்டார். குழுவில் சொன்னதைக் குழுவில்தான் திரும்பப் பெற வேண்டும் என்பது என் கருத்து, தலைவர் ஏற்கவில்லை. காலை வகுப்புக்குப் பேருந்துப் பிள்ளைகள் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளே பள்ளிக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று கணித ஆசிரியர் குறைபட்டுக்கொண்டார். அவருடைய ஊதியப் பாக்கியை ஜனவரிக் கூட்டத்தின் முதற்பொருளாகச் சேர்க்கும்படி இன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.