பரேல் நாட்குறிப்பு

ஜூன் 19
மும்பை பரேல் மருத்துவமனையில் அக்காவின் வாய்க் கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தாயிற்று. இனி முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஜூன் 22
அக்காவின் மேலண்ணத்தில், வலது கடைவாய்ப் பல்லுக்கு உட்புறமாக, புளியங்கொட்டை அளவில் வலியே இல்லாத ஒரு புடைப்பு. பல்லில் சீழ் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உதடு, கன்னம், அண்ணம் எங்கும் 600 முதல் 1,000 வரை சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். காதோரப் பெரிய சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. இந்தச் சிறு சுரப்பிகளிலோ பாதிக்குப் பாதி புற்றாக இருக்கலாம் என்று அறிந்தது முதல் எனக்கு உறக்கமில்லை.

ஜூன் 24
கட்டி நரம்பைத் தொட்டிருக்குமோ என்ற பயத்தில், மேலுதடு மரத்துப்போகிறதா என்று அக்காவிடம் கேட்டேன். இல்லை என்றாள்.

ஜூலை 1
செல்கள் சல்லடைபோல் துளைதுளையாக அமைந்திருக்கின்றன என்கிறது அறிக்கை. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றாக இருக்கலாம். அண்ணத்தில் வரும் பாலிமார்பஸ் அடினோகார்சினோமா என்ற இன்னொரு புற்றும் இப்படித் தோன்றக்கூடும், சிறு துண்டை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது என்பதால் செல்லில் உள்ள புரதங்களைக் காட்டும் பி63, பி40 சாயப் பரிசோதனைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் சாதுவாக நடந்துகொள்ளும். முதலாவது மெல்ல வளர்ந்தாலும் நரம்பைப் பற்றிக்கொண்டு மண்டையோட்டின் அடிவரை ஊர்ந்து போகக்கூடியது. இரண்டாவதாக இருக்கட்டும் என்று மாட்டுங்கா ஆஸ்திக சமாஜக் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன்.

ஜூலை 2
சயானில் தண்டவாளத்தில் தண்ணீர். மருத்துவமனைக்குப் போக முடியவில்லை. அக்காவின் உதடு இன்னும் மரத்துப்போகவில்லையாம்.

ஜூலை 7
முதலாவதுதான்.

ஜூலை 10
எம்.ஆர்.ஐ.யில் அண்ண நரம்பு செல்லும் கால்வாய் தெளிவாக இருக்கிறது. நுரையீரல் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. பல ஆண்டுகள் கழித்தும் இது நுரையீரலில் தலைகாட்டலாம் என்பதால், ஐந்தாண்டு கடந்துவிட்டது என்று கண்காணிப்பை நிறுத்திவிடக் கூடாது என்றார் மருத்துவர். கீமோவுக்கு இது அவ்வளவாக மசியாதாம்; அறுவை சிகிச்சைதான் முதல் வழி.

ஜூலை 14
மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்த பின் வாய்க்கும் மூக்குக்கும் இடையே திறப்பு ஏற்படும். அதை அடைக்கும் தகட்டுக்காக இன்றே அச்சு எடுத்தார்கள். அச்சுக்கலவை தொண்டைக்கு வழிந்தபோது அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். வெளியே வந்ததும், "ரசம் குடிச்சா மூக்கு வழியா வருமாடா?" என்று கேட்டாள். தகடு சரியாகப் பொருந்தினால் வராது, பேச்சும் தெளிவாகவே இருக்கும் என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

ஜூலை 17
அறுவை சிகிச்சை. ஆறு மணி நேரம்.

ஜூலை 18
தகட்டோடு பேசினாள். என் பெயர் புரிந்தது.

ஜூலை 26
வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை. ஆனால் நுண்ணிய நரம்பு ஒன்றைச் சுற்றி இருந்திருக்கிறது. ஸ்கேனில் அகப்படாத அளவு. ஆகவே ஆறு வாரக் கதிர்வீச்சு. மேலுதட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அறுவைக்குப் பின் அந்தப் பக்கம் மரத்துத்தான் இருக்குமாம். இனி நான் எதைக் கேட்பது?

ஜூலை 29
கதிர்வீச்சுக்கு முன்பே ஆட்டம் கண்ட இன்னொரு கடைவாய்ப் பல்லை எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால் எலும்பு ஆறுவது கடினம். நாளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.