நகாட்டாவின் இணையப் புகழை அளப்பது எப்படி?

ஜப்பானியக் கால்பந்து வீரர் ஹிடெடோஷி நகாட்டா 2006 ஜூலை 3 அன்று, தமது 29-ஆவது வயதில், ஓய்வு பெறுவதாகத் தம் சொந்த இணையதளத்தில் அறிவித்தார். ட்விட்டர் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதோ அதே மாதத்தின் நடுப்பகுதியில்தான். ஆகவே, பின்தொடர்வோரின் எண்ணிக்கையை வைத்து அவரை இன்றைய வீரர்களோடு ஒப்பிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

அவருடைய புகழ் உச்சத்தில் இருந்த நாட்களை எந்த இணைய அளவுகோலும் பார்க்கவில்லை. 1998-இல் பெருஜியா அணிக்காக இத்தாலிய லீகில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே யுவெண்டஸுக்கு எதிராக அவர் இரண்டு கோல்கள் அடித்தார். 2001 மே மாதம், அதே யுவெண்டஸிடம் ரோமா அணி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தபோது சக வீரர் டோட்டிக்குப் பதிலாக நகாட்டா களமிறங்கி, தொலைவிலிருந்து ஒரு கோல் அடித்ததோடு, கோல்காப்பாளர் பிடிக்கத் தவறிய அவரது மற்றொரு உதையைத் தொடர்ந்து சக வீரர் மொண்டெல்லா ஆட்டத்தைச் சமன் செய்யவும் வழிவகுத்தார். அந்தப் பருவத்தின் பட்டம் ரோமாவுக்கே கிடைத்தது. ஆனால் ஒரு பெயர் எவ்வளவு தேடப்படுகிறது என்பதை வரைபடமாகக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸின் தரவு 2004 ஜனவரியிலிருந்துதான் தொடங்குகிறது. விக்கிப்பீடியாவின் இன்றைய பக்கப் பார்வைக் கணக்கோ 2015 ஜூலையிலிருந்துதான் கிடைக்கிறது.

டிரெண்ட்ஸ் வரைபடத்தைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அது தேடல்களின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. மொத்தத் தேடல்களில் ஒரு பெயருக்குரிய பங்கைக் கணக்கிட்டு, தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 ஆக வைத்து மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்குகிறது. உலகக் கோப்பையும் ஓய்வு அறிவிப்பும் அடுத்தடுத்து வந்த 2006-இன் நடுப்பகுதியைச் சேர்த்துக்கொண்டால், பின்னர் வரும் ஆண்டுகள் யாவும் தரையோடு ஒட்டிய கோடாகத் தெரியக்கூடும். மொத்தத் தேடல்கள் பன்மடங்கு பெருகிவிட்டதால், கோடு தாழ்வதைக் கொண்டே அவரைத் தேடுவோர் குறைந்துவிட்டனர் என்று சொல்லிவிட முடியாது. வரைபடத்தை 2007 ஜனவரியிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. வெறும் குடும்பப் பெயரைத் தேடினால், 2002, 2006 உலகக் கோப்பை அணிகளில் உடனிருந்த கோஜி நகாட்டாவும் கலந்துவிடுவார் என்பதால், வெறும் சொல்லைத் தேடாமல், டிரெண்ட்ஸ் பட்டியலில் அந்த நபரையே குறிக்கும் தலைப்பைத் தேர்வதே சரி.

நான் அதிகம் நம்புவது விக்கிப்பீடியாவின் பக்கப் பார்வைகளையே. ஜப்பானியம், இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்து, தானியங்கி நிரல்களின் வருகையை நீக்கி, நாள்தோறும் பதிவான பார்வைகளின் சராசரிக்குப் பதிலாக இடைநிலை மதிப்பை, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, கணக்கிட வேண்டும். ஒரே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியோ, 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றது போன்ற செய்தியோ சராசரியை மேலே இழுத்துவிடக்கூடும். இடைநிலை மதிப்பு அவ்வளவு எளிதில் அசையாது. எந்தச் செய்தியும் இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எத்தனை பேர் அவரைத் தேடி வருகிறார்கள் என்பதுதான், ஓய்வுபெற்ற வீரர் ஒருவரின் உண்மையான புகழ்.

ஒப்பிடுவதற்குத் தகுந்தவர் ஷுன்சுகே நகாமுரா. ஏறத்தாழ ஒரே வயதினர். இருவரும் இத்தாலியில் ஆடியவர்கள். ஆனால் நகாமுரா 2022 வரை களத்தில் இருந்தார். எனவே இருவரும் ஓய்வில் இருக்கும் 2023-க்குப் பிந்தைய மாதங்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடாகும்.