சேர் திருத்திய பாட்டுக் கொப்பி

ஆங்கில சேரின் ஆண்டுத் திவசம் அடுத்த மாதம் வருகிறது. மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்தில் கேட்டார்கள். சேரைப் பற்றி என்றால் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் மனம் நேரே ஒரு இசை நிகழ்ச்சிக்குத்தான் போகிறது. சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2022 மே மாதம், இலண்டன் ஓ2 அரங்கு. 2020இல் நடக்கவேண்டிய நிகழ்ச்சி, கொரோனாவால் இரண்டு வருடம் தள்ளிப்போயிருந்தது. பெற் ஷொப் போய்ஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழு. பெயரைக் கேட்டதும் எங்கள் பெடியள் சிலருக்குச் சைக்கிள் சில்லு சுற்றும் சத்தம் காதில் கேட்டிருக்கும்.

திரை விலகியபோது இரண்டு தெருவிளக்குகளுக்குக் கீழே இரண்டு பேர் முகமூடியோடு நின்றார்கள். பாடுபவர் நீல் ரெனன்ற், கீபோர்ட் வாசிப்பவர் கிறிஸ் லோ. 1981இல் இலண்டனில் ஒரு மின்சாதனக் கடையில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டவர்கள். ரெனன்றுக்கு அப்போது 67 வயது. குரலில் அந்த வயது தெரியவேயில்லை. லோ வழக்கம்போல ஆடவில்லை, சிரிக்கவில்லை, கீபோர்டுக்குப் பின்னால் நட்டு வைத்தது மாதிரி நின்றார். கரும்பலகைக்கு முன்னால் எங்கள் சேர் நிற்கிற அதே நிலை.

1990இல் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்தேவி றெயில் நின்றது, மின்சாரம் நின்றது, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளானது. கிளிநொச்சியில் சேர் வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்கு இழுத்திருப்பார். பிபிசி தமிழோசை கேட்க அயல் முழுவதும் வரும். செய்தி முடிந்து பெரியவர்கள் எழும்பிப் போனபிறகு, கொழும்பில் யாரோ பதிந்து கொடுத்த கசற்றைப் போடுவார். ஒரு இரவுக்கு ஒரு பாட்டு. பெடலைக் கையால் சுற்றுவது எங்கள் முறை. கை சோர்ந்தால் பாடுகிறவனின் குரல் கனத்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இறங்குவதுபோலப் போகும். அடுத்தவன் பெடலைப் பிடித்து வேகம் எடுத்தால் குரல் மெல்ல மெல்ல மேலே ஏறி வரும். அந்தப் பாட்டுகளின் உண்மையான வேகம் எது என்பதே வெளிநாடு வந்துதான் எனக்குத் தெரிந்தது.

கேட்டதை எழுதிக் கொண்டு வா என்பார் சேர். இரட்டை றூள் கொப்பியில் எழுதினேன். ஒன்பதாம் ஆண்டில் அந்தக் கொப்பி வேறொரு ஆசிரியரின் கையில் அகப்பட்டது. காலைப் பிரார்த்தனையில் தேவாரம் முடிந்த கையோடு என்னை மேடையில் ஏற்றினார்கள். ஊர் இருக்கிற நிலைமையில் இவர் எழுதுகிற பாட்டைக் கேளுங்கள் என்று வரிவரியாக வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொப்பியைப் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

நாலாம் நாள் சேர் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எப்படி வாங்கினார் என்று சொல்லவில்லை. விரித்துப் பார்த்தேன். பிழையாகக் கேட்ட சொற்களை எல்லாம் சிவப்பு மையால் வெட்டிச் சரியானதை மேலே எழுதியிருந்தார். அடியில் 10க்கு 6. அதற்குக் கீழே தமிழில், 'இன்னும் கவனமாகக் கேள்.' என் ஆங்கிலம் அந்தச் சிவப்பு மையில் தொடங்கியது. இங்கே நேர்முகத் தேர்வுகளில் வாய் திறந்தபோதெல்லாம் அந்தக் கொப்பிதான் எனக்குப் பின்னால் நின்றது.

1996 இடப்பெயர்வில் அக்கராயன் பக்கம் மரத்தடியில் வகுப்பு நடந்தது. மழையில் கசற் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நான் வெளிக்கிட்டபோது சேர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அங்க போனா அதை ஒருக்காப் பதிஞ்சு அனுப்பு."

அனுப்பவில்லை. முதலில் வழி இல்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபிறகு வழி இருந்தது. அப்போது இரவு வேலை, விசா அலைச்சல், பிறகு கலியாணம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே போயிற்று. 2009இல் செட்டிகுளம் முகாமிலிருந்து செய்தி வந்தது: சேர் உயிரோடு இருக்கிறார், ஷெல் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது. அதன்பிறகு அனுப்பி என்ன?

ஓ2 அரங்கில் கடைசியாகப் பாடியது 1990இல் வெளிவந்த பாட்டு, 'பீயிங் போறிங்'. எயிட்ஸ் நோயில் இறந்துபோன தன் நியூகாசில் நண்பனை நினைத்து ரெனன்ற் எழுதியது. சேர் அதிகம் போட்டதும், நான் மேடையில் வாசித்ததும் அதுதான். பக்கத்தில் இருந்தவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பிடித்தேன். கை நடுங்கியது. பெடல் சுற்றிய எங்கள் செட்டில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் முறை வந்தபோது பாட்டின் வேகம் ஒருநாளும் குறைந்ததில்லை. இரண்டாவது பந்தியில் ஒரு சொல் வந்தது. அத்தனை தெளிவாக அதை நான் முன்பு கேட்டதில்லை. சேர் வெட்டிய சொல். நான் முதலில் எழுதியதுதான் சரி.

வீடியோவைச் சேரின் மகளுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் சேரே பதில் எழுதினார், ஆங்கில எழுத்தில் தமிழ். உதடு அசைவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். 'உன்ர கொப்பியில ஒரு சொல்லு வெட்டினனான். அது எனக்கு எப்பவும் ஒரு ஐமிச்சம். அவன் என்ன சொல்லுறான் எண்டு நீ கேட்டனியா?'

இரவு முழுவதும் யோசித்தேன்.

'கேட்டனான் சேர். நீங்கள் எழுதினதுதான் சரி' என்று எழுதி அனுப்பினேன்.