புரோவா கட்டுமானக் குறிப்புகள்: 6.4 மீட்டர் வள்ளமும் ஒரு மிதவையும்

ஜனவரி 9

பசிபிக் தீவுகளின் பாய்ப்படகான புரோவாவில் ஒரு நீள வள்ளமும், அதன் ஒரு பக்கத்தில் குறுக்குத் தண்டுகளால் இணைத்த ஒரு மிதவையும் உண்டு. அந்த மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மற்றப் பாய்ப்படகுகளைப் போல முகத்தைக் காற்றுக்குள் திருப்பி மறுபக்கம் சாய்க்க முடியாது. படகு நிற்கும், பாய் மறுமுனைக்குப் போகும், பின்பக்கமாக இருந்தது அணியமாகும், அதாவது முன்முனையாகும். அதனால் இரு முனைகளும் ஒரே வார்ப்பு. சுக்கான், கயிறு, கொக்கி எல்லாமே இரண்டிரண்டு.

வள்ளத்தின் நீர்க்கோட்டு நீளம் 6.2 மீட்டர், அகலம் 42 செ.மீ., ஆழம் 17 செ.மீ. பருமன் குணகம் (இந்த மூன்று அளவுகளின் பெட்டியில் வள்ளம் நிரப்பும் பங்கு) 0.5 என்றால் கடல் நீரில் சுமார் 227 கிலோ தாங்கும். எடைப் பட்டியல்: வள்ளம் 60, மிதவை 20, குறுக்குத் தண்டுகள் 16, மேடை 6, பாய்மரமும் பாயும் 18, ஆட்கள் இருவர் 140. மொத்தம் 260 கிலோ. வள்ளம் தாங்கும் 227 போக மிச்சமுள்ள 33 கிலோவை மிதவை தாங்கும்.

1742இல் பசிபிக்கின் டினியன் தீவில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஆன்சனின் மாலுமிகள் அளந்து வரைந்த புரோவாவில், காற்று போகும் பக்கம் செதுக்கினாற்போல் தட்டையாக இருக்கிறது. மிதவையின் இழுவையை ஈடுகட்ட அந்த வடிவம் உதவும். பிளைவுட்டில் அதைச் செய்வது கடினம். சுக்கான் இருக்கும்போது அவசியமும் இல்லை. இரு பக்கமும் ஒரே வளைவாகவே வைக்கிறோம்.

ஜனவரி 12

மிதவை எந்தக் காற்றில் தண்ணீரை விட்டு எழும்? எல்லா அளவுகளுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி இது. வள்ளத்துக்கும் மிதவைக்கும் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு 2.5 மீட்டர். மிதவை 20 × 2.5 = 50. தண்டுகள் 16 × 1.25 = 20. மேடையில் 1 மீட்டர் தள்ளி உட்காரும் இருவர் 140. கூட்டினால் 210, 9.81ஆல் பெருக்க 2,060 நியூட்டன் மீட்டர்; மிதவையைக் கீழே அழுத்தி வைக்கும் எதிர்த் திருப்பம் இதுதான். (மேடையின் எடையை விட்டுவிட்டேன், அது கூடுதல் பாதுகாப்பு.)

பாய் 11 சதுர மீட்டர். அதன் விசை மையம் நீருக்குள் உள்ள எதிர்ப்பு மையத்துக்கு 2.6 மீட்டர் மேலே இருக்கிறது. 2,060 ÷ 2.6 = 792 நியூட்டன்; பாயில் இவ்வளவு விசை வந்தால் மிதவை எழும். விசைக் குணகம் 1.3 என்று வைத்தால், படகில் உணரும் காற்று வினாடிக்கு 9.6 மீட்டர், ஏறத்தாழ 19 நாட். ஒருவர் மிதவையை நோக்கி ஒரு மீட்டர் நகர்ந்தாலே எதிர்த் திருப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடும். இவ்வளவு மலிவான நிலைத்தன்மை வேறு எந்தப் படகிலும் கிடைக்காது.

ஜனவரி 23

6 மி.மீ. பிளைவுட். தாள் நீளம் போதாததால் 1:8 சரிவில் சீவி ஒட்டு, அதாவது 48 மி.மீ. அகலம். முனைகள் ஒன்றுபோல இருப்பதால் பாதிப் பலகைக்கு மட்டும் அச்சுத்தகடு வெட்டி, நடுக்கோட்டில் புரட்டிப் போட்டு மறுபாதியை வரையலாம். நடுக்கோடு செங்கோணத்தில் இல்லையென்றால் புரட்டியதும் கோடு முறியும், வெட்டும்முன் தெரிந்துவிடும்.

பலகைகளைக் கம்பியால் தைத்து இணைக்க, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, 100 மி.மீ. இடைவெளியில் துளை. செம்புக் கம்பியால் தைத்தபின், முறுக்கு ஏறியிருக்கிறதா என்று இரு முனைகளிலும் குறுக்குச் சட்டம் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணோட்டிப் பார்க்க வேண்டும். எப்பாக்ஸி இறுகியபின் முறுக்கை எடுக்க வழியே இல்லை.

ஜனவரி 27

உள்மூலைகளில் எப்பாக்ஸியுடன் மரத்தூளும் சிலிக்காவும் கலந்த பூச்சு, 20 மி.மீ. ஆரம். அது மிருதுவாக இருக்கும்போதே கிளாஸ் நாடாவை மேலே போட்டு நனைத்துவிட்டால் தேய்க்கும் வேலை மிச்சம். குவளையில் நிறையக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும்; அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். தராசில் அளப்பவர்கள் எடை விகிதத்தையும், குவளையில் அளப்பவர்கள் கன அளவு விகிதத்தையும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. இறுகிய பரப்பில் பிசுக்குப் படலம் இருந்தால் முதலில் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கு பரவும், அடுத்த பூச்சு உரியும்.

பிப்ரவரி 8

மிதவை 4.5 மீட்டர், 120 லிட்டர். இதைவிடப் பெரிதானால் அலையில் துள்ளித் தண்டுகளை முறுக்கும். சிறிதானால், காற்று தவறான பக்கம் பிடிக்கும்போது மிதவை அமிழ்ந்துபோகும். தண்டுகளுக்கு மிக மோசமான நேரமும் அதுதான். மிதவையிலிருந்து பாய்மர உச்சிக்குப் போகும் கயிறு தளர்ந்துவிட, 120 கிலோ மிதப்பு முழுதும் 2.5 மீட்டர் நெம்புகோலில் மேல்நோக்கித் தள்ளும்: சுமார் 2,940 நியூட்டன் மீட்டர், இரு தண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் பாதி. 60 × 100 மி.மீ. ஸ்புரூஸ் தண்டில் அது 14.7 மெகாபாஸ்கல் தகைவு. முடிச்சில்லாத ஸ்புரூஸ் உடைவது ஏறக்குறைய 70இல். அலையின் அடிக்கும் மரத்தின் குறைக்கும் இந்த இடைவெளி வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்து, மிதவை தலைக்குமேல் எழுவது. அதற்கு, அமெரிக்கப் புரோவா கட்டுநர் ரசல் பிரவுனின் படகுகளில் உள்ளது போல, வள்ளத்தின் காற்று போகும் பக்கத்தில் ஒரு மிதப்புப் பெட்டி. எடை சிறிது, பலன் பெரிது. இதைத் தவிர்க்காதீர்கள்.

பிப்ரவரி 15

தண்டுகளுக்கு போல்ட் இல்லை, கட்டுதான். போல்ட் சுமையை ஒரே துளையில் குவிக்கும்; துளை நசுங்கும், தண்ணீர் இறங்கும். பாலியெஸ்டர் கயிறு, இணைப்புக்குப் பல சுற்று, பின் இடையில் குறுக்கே சுற்றி இறுக்குதல். நைலான் வேண்டாம், நனைந்தால் நீளும்.

பிப்ரவரி 26

நண்டுக்கொடுக்குப் பாய், அதாவது இரு கழிகளுக்கு இடையே விரியும் முக்கோணப் பாய். கீழ்முனையை அணியத்திலிருந்து அணியத்துக்கு இழுக்க, விளிம்போரமாக இரு முனைக் கப்பிகளில் ஓடும் முடிவில்லாக் கயிறு. பாய்மரத்தின் அடி குழியில் எல்லாத் திசையிலும் சாய வேண்டும். மிதவைக் கயிறு ஒரு பக்கம் மட்டுமே தாங்குவதால், காற்று மாறினால் மரம் மேடைமேல் விழும். காற்று போகும் பக்கத்தில் ஒரு மெல்லிய தடுப்புக் கயிறு கட்டாயம்.

சுக்கான் தகடு 220 மி.மீ. அகலம், 26 மி.மீ. தடிப்பு, நாகா 0012 வடிவம் (விமான இறக்கைக்கான ஒரு சமச்சீர் குறுக்குவெட்டு, தடிப்பு அகலத்தில் 12 சதவீதம்). முன்னது மேலே, பின்னது கீழே. ஒவ்வொன்றும் ஒரே திசையில்தான் ஓடும் என்பதால் முன்விளிம்பு உருண்டை, பின்விளிம்பு கூர்மை என்று தைரியமாகச் செய்யலாம்.

மார்ச் 4

முனை மாற்றுவதை முதலில் தரையில், மென்காற்றில் பழக வேண்டும். தாமான் கயிற்றை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, தளர்த்து. படகு காற்றுக்குக் குறுக்கே நிற்கட்டும். பாயின் கீழ்முனையைப் புதிய அணியத்துக்கு இழுத்துக் கட்டு. பழைய சுக்கானைத் தூக்கி மற்றதை இறக்கு. அதன்பிறகே தாமானை மெல்ல இழு. கீழ்முனை கட்டப்படுமுன் இழுத்தால் விசை மையம் பின்னே நின்று, படகு காற்றுக்குள் திரும்பித் தவறான பக்கம் மாட்டும். அப்படி மாட்டினால் தாமானை முழுதும் விட்டுவிட்டு, இருவரும் மிதவையை விட்டு வள்ளத்துக்கு வந்து, துடுப்பால் முகத்தைத் திருப்ப வேண்டும்.

மார்ச் 7

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லாக் கட்டுகளும் சற்று இறங்கியிருக்கும். குறுக்குச் சுற்றுகளை அவிழ்த்து மறுபடி இறுக்கி, மிதவைக்கும் வள்ளத்துக்கும் இடையே மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று நாடாவால் அளக்க வேண்டும். 5 மி.மீ. வித்தியாசம் வரை சரி. அதற்கு மேல் போனால் மிதவை சாய்வாக உழுது இழுவை கூட்டும்.