பல் கடிக்கும் ஓசை

பிப்ரவரி 9

நோயுற்ற ஆட்டை இனங்காண வேண்டுமானால் நலமாக இருக்கும் ஆட்டை முதலில் அறிந்திருக்க வேண்டும் என்பதால், தினமும் தீவனம் வைப்பதற்கு முன் பத்து நிமிடம் கொட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நோஞ்சானாகத் தெரிந்தால் வேட்டை விலங்கின் கண்ணில் முதலில் படுவோம் என்ற அச்சம் ஆட்டின் ரத்தத்திலேயே ஊறியது; ஆள் நெருங்கியவுடன் அது தலையை நிமிர்த்திக்கொண்டு ஒன்றும் இல்லாததுபோல் நிற்கும்.

செவலைக் கிடா படுத்திருந்தபோது மூச்சை எண்ணினேன்: நிமிடத்துக்கு 22. ஓய்வில் இருக்கும் ஆட்டுக்கு 15 முதல் 30 வரை இயல்பு. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்ததில் 102.4 டிகிரி ஃபாரன்ஹீட், இதுவும் 101.5 முதல் 103.5 வரையிலான இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தபோது, இரைப்பை மெல்ல உருண்டு வந்து கையை வெளியே தள்ளிவிட்டுப் போனது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அப்படித் தள்ள வேண்டும். இந்த எண்களையெல்லாம் ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனியே குறித்து வைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 11

மாலையில் மேய்ச்சல் முடிந்து திரும்பிய கருவாச்சியின் தாடைக்குக் கீழே பிசைந்த மாவைப்போல் மெத்தென்ற வீக்கம் இருந்தது. விரலால் அழுத்திய இடத்தில் குழி விழுந்து, சிறிது நேரம் கழித்துத்தான் நிரம்பியது. நேற்றுக் காலையிலும் இன்று காலையிலும் அங்கே எதுவும் தெரியவில்லை. தலையைத் தாழ்த்தி நாளெல்லாம் மேயும்போது நீர் தாடையில் இறங்கிச் சேர்கிறது, இரவில் ஓய்வெடுத்தபின் வடிந்துவிடுகிறது. காலையில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர் இதைத் தவறவிடுவார், நானும் தவறவிட்டிருக்கிறேன்.

வெளிச்சத்துக்குத் திருப்பிக் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்த இளஞ்சிவப்பாக இருந்தது. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் புழுவின் வேலை இது. குடற்புழு என்றால் கழிச்சல் இருக்கும் என்று நம்புகிறோம்; ஆனால் இந்தப் புழு மட்டும் இருக்கும் ஆடு பெரும்பாலும் கழிவதில்லை, கருவாச்சியின் புழுக்கையும் உருண்டு கெட்டியாகவே விழுகிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை, இமையின் நிறத்தை 1 முதல் 5 வரை வகைப்படுத்தி, எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும் என்று முடிவு செய்ய உதவுகிறது. எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றினால் புழு அந்த மருந்துக்கே பழகிவிடும். மருத்துவர் கருவாச்சியை எடை போட்டு, அதற்கேற்ற அளவில் அதற்கு மட்டும் கொடுத்தார்.

பிப்ரவரி 13

எழுதும்படியாக எதுவும் இல்லை. செவலை தவிட்டை மோந்துவிட்டு விலகிச் சென்று சுவரோரம் நின்றது. வயிறு நிறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 15

காலை 7 மணிக்குச் செவலை பின்னங்கால்களைப் பின்னுக்கு நீட்டி, முதுகு குழிய நின்று, வாலைத் துடிதுடிக்க ஆட்டியபடி முக்கிக்கொண்டிருந்தது. மலச்சிக்கல் என்று நானே தீர்மானித்துக்கொண்டு வெந்நீர் கொடுத்துக் காத்திருந்தேன். அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

நண்பகலில் அருகே உட்கார்ந்தபோதுதான் அந்த ஓசை காதில் விழுந்தது: நறநறவென்று, இரண்டு கூழாங்கற்களை அழுத்தித் தேய்ப்பதுபோல. அசை போடுவதாக முதலில் எண்ணினேன். அசை போடும் ஆட்டின் தாடை பக்கவாட்டில் ஒரே தாளத்தில் ஆடும். பிறகு நின்று, விழுங்கி, அடுத்த கவளம் கழுத்தின் வழியே மேலேறுவது கண்ணுக்குத் தெரியும். செவலையின் தாடையோ அந்தத் தாளத்தில் ஆடவில்லை, கழுத்தில் எதுவும் ஏறவில்லை, கண் பாதி மூடியிருந்தது. இது வலியில் பல்லைக் கடிக்கும் ஓசை. குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன்; சிறுநீர்த் துளையைச் சுற்றியிருந்த மயிர்க்கற்றை காய்ந்து கிடந்தது, அதில் மணல்போல் நறநறத்த துகள்கள் ஒட்டியிருந்தன. உடனே மருத்துவரை அழைத்தேன்.

அதே நாள் இரவு

சிறுநீர்ப்பாதையின் நுனியில் புழுப்போல் நீண்டிருக்கும் மெல்லிய பகுதியில் கல் அடைத்திருந்தது. மருத்துவர் மயக்க ஊசி போட்டு அந்த நுனியை வெட்டியதும், முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு தாரையாகவும் சிறுநீர் வந்தது. கிடா முக்கினால் முதலில் சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும், மலத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று சொன்னார். சிறு வயதிலேயே காயடித்த கிடாக்களுக்கு இந்தப் பாதை போதிய அளவு விரிவதில்லையாம். சிறுநீர்ப்பை வெடித்துவிட்டால் ஆடு சிறிது நேரம் வலி குறைந்ததுபோல் அமைதியாகிவிடும் என்பதையும் அவர் சொன்னார். அந்த அமைதியை நான் குணமென்று எடுத்துக்கொண்டிருப்பேன். வலிக்கு மெலாக்சிகாம் ஊசி அவரே போட்டார். மனிதருக்கான வலி மாத்திரையை நம் விருப்பப்படி ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

பிப்ரவரி 16

13ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். எழுத எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நோயின் தொடக்கத்தை எழுதி வைத்திருக்கிறேன். தீனியை மறுத்ததும் கூட்டத்தை விட்டுத் தனியே நின்றதும் அன்றே தெரிந்தன. வயிறு நிறைந்திருக்கலாம் என்ற ஊகத்தை நான்தான் அவற்றின்மேல் போர்த்தினேன். வலி என்றால் கத்தும் என்று எதிர்பார்த்ததும் பிழை. குட்டியைப் பிரிந்த தாய் ஊரே கேட்கக் கத்தும். செவலை முக்கும்போது மட்டும் முனகியது, மற்ற நேரமெல்லாம் காதைத் தொங்கவிட்டுப் பேசாமல் நின்றது.

தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி. கல் உருவாவதைத் தடுக்கச் சுண்ணாம்புச் சத்து அதைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். தவிட்டை நிறுத்திவிட்டேன், இனி இலைதழையும் தாராளமாகத் தண்ணீரும்தான்.

பிப்ரவரி 21

கருவாச்சிக்கு மாலையிலும் தாடை வீங்கவில்லை; இமையின் நிறம் ஓரளவு ஏறியிருக்கிறது, முழுதாகச் சிவக்க இன்னும் சில வாரங்கள் ஆகும். செவலைக்கு மீண்டும் அடைப்பு வரக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிப்பதையும் நேரத்தோடு குறிக்கிறேன். இன்று மாலை 6.10க்கு நின்ற இடம் நனையும் அளவுக்குப் போனது. பிறகு படுத்து அசை போட்டது. ஒரு கவளத்துக்கு 47 முறை மென்றதை எண்ணினேன். அடுத்த கவளம் ஏறும்போது கழுத்தில் விரலை வைத்திருந்தேன்.