கிழமை இல்லாத பட்டியல்

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சமையல். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம்கூடப் புதன்கிழமையைத் தாண்டவில்லை.

கடை தூரம் என்பதால் சனிக்கிழமை பஸ்ஸில் போய், இரண்டு பேரும் தூக்க முடிந்த அளவு வாங்கி வருவோம். கணவருக்கு ஷிப்ட் வேலை. நாளைக்கு எத்தனை மணிக்கு என்பது இன்றுதான் தெரியும். எனக்கு மாலையில் மொழி வகுப்பு. அட்டவணையில் செவ்வாய் என்றால் கோழி. கோழியோ ஃப்ரீசரில் கல்லாகக் கிடக்கும். எடுத்து வைக்க இருவருமே மறந்திருப்போம். அன்றைக்கு ரொட்டியும் முட்டையும். வியாழனுக்கு ஒதுக்கிய கீரைப் பையைத் திறந்தால் அடியில் பச்சைத் தண்ணீர் கட்டியிருக்கும், இலை விரலில் வழவழவென்று ஒட்டும். "இன்றைக்குக் கீரைதானே?" என்று அவர் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கீரை மேல் அல்ல.

பிறகு ஒரு மாதம், குப்பையில் போட்டதையெல்லாம் எழுதி வைத்தேன். கீரை, காளான், கொத்தமல்லி, மிஞ்சிய சோறு, மறுபடியும் கீரை. கேரட்டோ உருளைக்கிழங்கோ ஒரு முறைகூட அதில் இல்லை. அதற்கப்புறம் கிழமைகளைத் தூக்கிவிட்டேன்.

இப்போது கதவில் இருப்பவை ஐந்து சீட்டுகள், ஐந்து காந்தங்கள், சீட்டுக்கு ஒரு சமையல். இடது ஓரத்தில் சீக்கிரம் கெடுபவை: கீரை, காளான், ஓரிரு நாளில் சமைத்தாக வேண்டிய கொத்துக்கறி. நடுவில் பீன்ஸ், கத்தரிக்காய். வலது ஓரத்தில் வாரக்கணக்கில் தாங்கும் முட்டைக்கோஸ், கேரட். சமைப்பவர் இடமிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஐந்தாவது சீட்டில் 'அவசரம்' என்று மட்டும் இருக்கும். அதற்கு முட்டையும் டின் பயறும் எப்போதும் கைவசம் உண்டு. ஏழு நாளுக்கு ஏன் ஐந்து என்றால், மிஞ்சியதைச் சாப்பிட ஒரு நாள், சமைக்கவே மனமில்லாமல் போக ஒரு நாள். அந்த இரண்டாவது நாளை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு வெகுகாலம் ஆனது.

கோழிச் சீட்டின் பின்புறம் 'முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு' என்று எழுதியிருக்கிறேன். ஃபிரிட்ஜ் 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18. சமைத்தது எதுவானாலும் மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுகிறோம். சோற்றில்தான் கூடுதல் கவனம். ராத்திரி முழுவதும் அடுப்பின் மேலேயே விட்டுவிட்டுக் காலையில் நன்றாகச் சூடாக்கினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் சோற்றில் அது பெருகி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுகிறேன்.

இன்னொரு வீண்செலவை நிறுத்தியது மொழி வகுப்பு. பொட்டலங்களில் இரண்டு வகைத் தேதி உண்டு. ஒன்று, அதற்குள் உண்டுவிட வேண்டும் என்பது; மற்றது, அதுவரை சுவையும் தரமும் குறையாது என்பது மட்டுமே. எழுத்துக்கூட்டிப் படித்த காலத்தில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல பாஸ்தாவையும் பிஸ்கட்டையும் தேதி பார்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

நேற்று வேலைக்குக் கிளம்பும்போது அவர் காளான் சீட்டைக் கீரைக்கும் இடப்பக்கம் நகர்த்தி வைத்து, 'நிறம் மாறுகிறது' என்று பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருந்தார். வலது ஓரத்து முட்டைக்கோஸ் சீட்டு மட்டும் மூன்றாவது வாரமாக அசையவில்லை. அது கெடவும் இல்லை, எங்கள் இருவருக்கும் அது பிடிப்பதும் இல்லை.